கொப்பரைக்குள் எட்டிப் பார்த்த ஹெல்சிங்கி

லாரிப் பட்டறையில் பேரிங்குக்குள் திணிக்கிறார்களே, விரலில் ஒட்டினால் சீக்கிரம் போகாத அந்தப் பசை, அது பெரும்பாலும் லித்தியம் கிரீஸ்தான். 1942-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் தயாராகும் கிரீஸில் பாதிக்கு மேல் இந்த வகை.

செய்முறை கிட்டத்தட்ட சோப்புக் காய்ச்சுவதுதான். கொப்பரையில் எண்ணெயைச் சூடாக்கி, ஆமணக்கிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தை உருக்கி, தண்ணீரில் கரைத்த லித்தியம் ஹைட்ராக்சைடை ஊற்றுவார்கள். நுரை பொங்கும். தண்ணீர் ஆவியாகப் போனபின் சூட்டை 200 டிகிரி வரை ஏற்றி ஆறவிட்டால், சோப்பு நுண்ணிய இழைகளாகப் பின்னிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தக் கொப்பரையைத்தான் ஹெல்சிங்கி எட்டிப் பார்த்தது. ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை இருப்பது அங்கே. 2007-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டமான 'ரீச்' சொல்வது: தரவு கொடுக்காதவருக்குச் சந்தை கிடையாது. இது அதன் பங்காளியான வகைப்பாட்டுச் சட்டத்தின் கதை. லித்தியம் ஹைட்ராக்சைடு, கார்பனேட், குளோரைடு மூன்றும் கருவைப் பாதிப்பவை என்று வகைப்படுத்தச் சொன்னது பிரான்ஸ். முகமையின் நிபுணர் குழு 2021-இல் அதை ஏற்றது. சான்றுகளில் முக்கியமானவை மருத்துவமனைகளிலிருந்து வந்தன. இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் பழைய மருந்து. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகள் இருந்தன.

கிரீஸ்காரர்கள் கொதித்தார்கள். "கொப்பரையில் போட்ட ஹைட்ராக்சைடு சோப்பாகிவிடுகிறது, டப்பாவில் மிஞ்சுவது துளிதான். எங்களை ஏன் மாத்திரையோடு சேர்க்கிறீர்கள்?" வாதம் பாதி சரி. பாம்புக்கு விஷம் உண்டா என்பது ஒரு கேள்வி, அது வீட்டுக்குள் வருமா என்பது வேறு கேள்வி. வகைப்பாடு முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறது. ஆனால் கிரீஸ் வாங்குபவரைப் பற்றியே பேசுகிறவர்கள், கொப்பரையடியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவரை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தூள் பறப்பது அவர் மூக்கில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. லித்தியத்தை முக்கிய மூலப்பொருள் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது 2020-இல். மின்வாகன பேட்டரிக்கு அது வேண்டும். ஒரு கை வா என்று கூப்பிட, மறு கை அபாயப் பலகையை எழுதியது. நிபுணர் குழு சொன்னதை ஐரோப்பிய ஆணையம் உடனே சட்டமாக்காமல் இழுத்ததில் வியப்பில்லை.

மாற்று இல்லையா என்றால், உண்டு. பாலியூரியா கிரீஸ் மின்மோட்டார்களில் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதைச் செய்ய டைஐசோசயனேட் வேண்டும். அதைக் கையாளும் தொழிலாளர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஐரோப்பாவில் பயிற்சி கட்டாயம். ஆஸ்துமா வரவழைக்கும் சரக்கு அது. ஒன்றிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டுகிற கதைதான். இன்னொரு மாற்றான கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, விலைதான் கூடுதல். அந்த விலை வித்தியாசத்தையும் சட்டத்துக்கு முன்பே பேட்டரி சுருக்கிவிட்டது: 2022-இல் லித்தியம் ஹைட்ராக்சைடு விலை பல மடங்கு ஏறியபோது, கால்சியம் பக்கம் நகரக் கணக்கே போதுமானதாக இருந்தது.

நமக்கும் இதில் ஒரு நூல் உண்டு. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. கால்சியம் பக்கத்து இன்னொரு வகையான நீரற்ற கால்சியம் கிரீஸுக்கும் அதே ஆமணக்கு அமிலம்தான் வேண்டும். பாலியூரியாவுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

(தொடரும்)