தூண்டிலும் தோழமையும்

தூண்டிலிட்டு மீன் பிடிப்பாரைக் கண்டவருட் பலர், அவரைத் தனிமை விரும்புவார் என்றும், சோம்பர் என்றும், வேறு தொழிலில்லாதார் என்றும் எண்ணி அப்பாற் செல்வர். எம் விடுதியிலும் அவ்வெண்ணமே நிலவுகின்றது. சனிக்கிழமை மாலையிற் பந்தாடச் செல்வாரை ஆரவாரத்தோடு வழியனுப்பும் நண்பர்கள், மூங்கிற்கோலும் இரைப்பாத்திரமும் ஏந்திப் புறப்படும் எம் நால்வரைக் கண்டால் நகையாடுவர். அந்நகைக்கு விடையாகவே இக்கட்டுரை எழுந்தது என்று கொள்ளினும் இழுக்கில்லை. தூண்டில் வேட்டை தனிமையின்பாற் பட்டதன்று. கூட்டாளியின்றி அதனைச் செவ்வனே செய்தல் இயலாது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது.

ஆங்கில நாட்டில் ஐசக் வால்ட்டன் என்பார் 1653ஆம் ஆண்டில் இக்கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிந்திக்கும் மனிதனின் பொழுதுபோக்கு என்று அதற்கு அவர் சூட்டிய துணைப்பெயரைக் கேட்டவர், தூண்டிலாளன் வாய்மூடித் தனித்திருப்பவன் என்று முடிவு செய்துகொண்டனர் போலும். நூலைத் திறந்து நோக்கினாலோ, அது முதற்பதிப்பில் இருவரும் பின்வந்த பதிப்பில் மூவருமாக வழிநடையிற் கூடிப் பேசும் உரையாடலாய் இருக்கின்றது. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்திலும், பேதுரு தாம் மீன்பிடிக்கப் போவதாகச் சொன்ன அளவிலே உடனிருந்தாரும் புறப்பட்டுவிட்டமை வாசகர் அறிந்ததே. அவர்கள் கொண்டு சென்றது வலையாயினும், அழையாமலே உடன்வரும் அவ்வியல்பு தூண்டிலுக்கும் பொதுவாம்.

நிற்க. எம் வேட்டைக்குரிய மீன் கொடுவா. ஆங்கிலத்திற் பாஸ் என்னும் பெயர் ஒன்றாயினும், அதனாற் சுட்டப்படும் மீன் ஒன்றன்று. அமெரிக்க நாட்டு ஏரிகளில் வாழும் அகன்றவாய்ப் பாஸ் வேறு. நம் கடற்கரைக் கழிகளில் வாழும் கடற்பாஸ் வேறு. பின்னதையே நம்மவர் கொடுவா என்கின்றனர். வங்காளத்தார் பெட்கி என்பர். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பர். கொடுமை என்னும் சொற்கு வளைவு என்பது பொருளாதலின், வளைந்த வாயையுடைமையால் இம்மீன் இப்பெயர் பெற்றது என்று கருத இடமுண்டு. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் நக்கீரனார் தூண்டில் முள்ளையும் இக்கொடுவாயாலேயே சிறப்பித்திருக்கின்றார். ஆண்டு அதனை விழுங்குவது வராலே. ஆயின் முள்ளும் கொடுவாய், மீனும் கொடுவாய் என்று தமிழ் பயிலும் யாம் சொல்லக் கேட்ட தோழர் மூவரும், இத்தகைய ஆராய்ச்சியால் மீன் அகப்படாது என்று கூறிவிட்டனர்.

கொடுவாவின் தலை மேற்புறத்திற் குழிந்தும் முதுகு உயர்ந்தும் இருக்கும். கீழ்த்தாடை முன்னோக்கி நீண்டிருக்கும். வால் வட்டமாய் விசிறி போலிருக்கும். இருளில் விளக்கொளி பட்டால் அதன் கண்கள் தணல் போல் ஒளிரும். வாயில் வெட்டும் பற்கள் இல்லை. உள்ளே தடவினால் அரம் போன்ற நுண்பற்களே கைக்குத் தட்டுப்படும். ஆனால் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது. அகப்பட்ட மீன் தலையை உதறும்போது அவ்விளிம்பு நரம்பின்மேற் பட்டால் நரம்பு அறுந்தது என்றே கொள்க. விரல் பட்டாலும் அதுவே. ஆகவே பழகியவர் செவுளிற் கைவையாது, கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பற்றித் தூக்குவர்.

இதன் வாழ்க்கை வியக்கத்தக்கது. உப்பு மிகுந்த கழிமுகத்தருகிலும் கடலோரத்திலும் இது முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள்ளே வந்து, சதுப்பு நிலங்களிலும் நன்னீர் ஓடைகளிலும் ஏறி வளரும். நன்னீரில் எத்தனை ஆண்டும் வாழவல்ல இம்மீன், ஆண்டு இனம் பெருக்க மாட்டாது. அதன்பொருட்டு மீண்டும் உப்புநீர் நோக்கி இறங்குதல் வேண்டும். இதனினும் வியப்பு மற்றொன்று. கொடுவாக்களிற் பெரும்பாலன முதலில் ஆணாய் முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாய் மாறுவன. ஆகவே, சிறியனவும் நடுத்தரமானவும் பெரும்பாலும் ஆண்கள். மிகப் பெரியன யாவும் ஏறக்குறையப் பெண்களே. இச்செய்தியை எம்முள் விலங்கியல் பயிலும் தோழர் முதன்முதற் கூறியபோது, தேர்வுக்கு உதவும் செய்தி என்ற அளவிலே யாம் கேட்டிருந்தோம். அது எம் வேட்டையையே மாற்றும் என்று அன்று அறிந்திலோம்.

எம் நால்வருள் மற்றொருவர் பழவேற்காட்டு ஏரியை அடுத்த குப்பமொன்றைச் சார்ந்தவர். வழிவழியாக வலைத்தொழில் செய்யும் குடும்பத்தினர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர், 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊராகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உளது; கடலோடு அது கலக்கும் வாய்களுள் ஒன்று இவ்வூரின் அருகே உளது. விடுமுறை தோறும் யாம் நால்வரும் அத்தோழர் இல்லத்திற் சென்று தங்குவது வழக்கம். வேட்டையை எமக்குக் கற்பித்தவர் அவர் தந்தையாரே.

கருவிகள் மிக எளியன. ஒரு கோல் அல்லது மரக்கட்டையிற் சுற்றிய தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, முள், முள்ளுக்கு மேலே ஒரு முழ அளவிற்குத் தடித்த நரம்பு. கடைகளிற் பளபளக்கும் பொய்யிரைகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும் பொருள் எம்மிடம் இல்லை. எம் இரை உயிருள்ள மடவைக் குஞ்சு அல்லது இறால். இறாலை முள்ளிற் கோத்தல் ஒரு தனிக்கலை. அதன் தலைக்கொம்பின் அடியிலே ஓட்டினூடே முள்ளை நுழைத்தல் வேண்டும். சற்றுப் பின்னே தலைக்குள் ஒரு கரும்புள்ளி தோன்றும். அதனை முள் தொட்டால் இறால் அப்பொழுதே இறந்துபடும். செத்த இறாலைக் கொடுவா பெரும்பாலும் பொருட்படுத்தாது. முதல் நாளில் யாம் ஒரு பாத்திரம் இறாலையும் கொன்று தீர்த்தோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அவற்றையே குழம்பாக்கி எமக்குப் படைத்தனர்.

கொடுவா இரையைத் துரத்தித் திரிவதினும் ஒளிந்திருந்து பற்றுவதிலேயே வல்லது. நீரில் நிற்கும் தூண், வீழ்ந்த மரம், அலையாத்தியின் வேர் ஆகியவற்றின் நிழலில் நீரோட்டத்தை எதிர்நோக்கி அசையாது நிற்கும். ஓதம் ஏறி நின்று வற்றத் தொடங்கும் வேளையில், சிறு மீன்களும் இறால்களும் நீரோடு இழுக்கப்பட்டு வரும். அப்பொழுது அது வாயை ஒருமுறை அகலத் திறக்கும். நீரும் இரையும் ஒருங்கே உள்ளே செல்லும். பஞ்சு வெடித்தாற் போன்ற ஓரொலி நீர்மேற் கேட்கும். அவ்வொலியைக் கேட்டு உடனே கோலை வெட்டி இழுப்பவன் மீனை இழப்பான். நரம்பு தானே ஓடி இறுகும்வரை பொறுத்தல் வேண்டும். இப்பொறுமைதான் தனியொருவனால் ஆகாதது என்று சொல்ல வந்தோம். இரண்டு நாழிகை காத்திருந்த கை தானே துடிக்கும். பக்கத்தில் அமர்ந்த தோழன் முழங்காலைத் தொட்டு, “இரு, இரு” என்று மெல்லச் சொல்லும் சொல்லே அக்கையை அடக்குகின்றது. எத்தனையோ மீன்களைப் பிடித்தது எம் கையன்று, அச்சொல்லே.

அக்கழியில் நல்ல இடம் என்பது ஒன்றே ஒன்று. பழைய மரத்தூண்கள் சில நீரில் நிற்கும் ஒரு மூலை. நால்வருக்கும் அவ்விடத்தின் மேலேயே கண். முதல் விடுமுறையில் இதனால் மனக்கசப்பும் நேர்ந்தது. இருவர் ஒரு பொழுது முழுதும் பேசாதிருந்தனர். அப்பொழுது பெரியவர் தம் தொழிலின் வழக்கமொன்றைக் கூறினார். அவ்வேரியில் வலையிடுவார்க்குப் பாடு என்றொரு முறைமை உண்டு. மீன் மிகும் இடங்கள் சிலவே ஆதலின், இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவார் இன்னார் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்வர். வலியவன் என்றும் எளியவன் என்றும் அங்கு வேறுபாடில்லை. முறை வந்தவனுக்கே இடம். அன்று மாலையே யாமும் நான்கு ஓலைத்துண்டுகளைக் குலுக்கித் தூண்மூலைக்குப் பாடு வைத்தோம். அன்றுமுதல், முறை பெற்றவன் கோல் பிடிப்பான். ஒருவன் இரை கோப்பான். ஒருவன் கைவலையோடு நிற்பான். நான்காமவனுக்குத் தொழில் கதை சொல்லுதல். நால்வருள்ளும் நான்காமவனே மிகுதியும் விரும்பப்பட்டான் என்பது போகப் போகத் தெரிந்தது.

இவ்வாறு முறைவைத்துப் பிடித்தல் அமெரிக்க நாட்டுப் பாஸ் வேட்டையிலும் புகழ்பெற்றதொன்று. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்னும் இருபது வயது இளைஞர் 22 இராத்தல் 4 அவுன்சு எடையுள்ள அகன்றவாய்ப் பாஸ் ஒன்றைப் பிடித்தார். அவரும் அவர் தோழரும் அன்று கொண்டு சென்றது ஒரே கோலும் ஒரே பொய்யிரையுமே என்றும், ஒருவர் படகு செலுத்த மற்றவர் வீசி இருவரும் மாறி மாறிப் பிடித்தனர் என்றும் கூறுவர். 2009ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுப் பிவா ஏரியில் அதற்கொத்ததொரு மீன் அகப்படும்வரை, அவ்வெடை உலகில் இணையின்றி நின்றது. அம்மீனைப் பெரி என் செய்தார்? வீட்டிற்குக் கொண்டு போனார். குடும்பத்தார் சமைத்து உண்டனர். அது பொருள் முட்டுப்பாடு மிக்க காலம். உணவுக்காகவே அவர் மீன் பிடித்தார். பிற்காலத்தில், 1970களிலிருந்து, பிடித்த பாஸை உயிரோடு நீரில் விடும் வழக்கம் அந்நாட்டு வேட்டையாளரிடையே பரவிற்று.

உண்பதா, விடுவதா என்னும் இவ்வினா சென்ற புரட்டாசியில் எம்மிடமும் வந்தது. அன்று பாடு எம்முடையது. பொழுது சாயும் வேளை, ஓதம் திரும்பியது, ஒலி கேட்டது. நரம்பு இறுகிய இறுக்கத்திலேயே இது பெரிது என்று அறிந்தோம். மீன் நீரைவிட்டு மேலெழுந்து, செவுள்கள் இரண்டையும் விரித்துத் தலையை உதறிற்று. கதை சொல்பவன் கதையை மறந்தான். தூண்களைச் சுற்றாமல் அதனை வெளியே கொணர நால்வர் கையும் வேண்டியதாயிற்று. கரைசேர்த்து நிறுத்தபோது எடை 11 கிலோ. அத்துணை மகிழ்ச்சி எம் வாழ்நாளில் அதற்குமுன் யாம் கண்டதில்லை. தோளிற் சுமந்து தோழர் இல்லம் சென்றோம். தெருவார் வந்து பார்த்தனர்.

தோழரின் தாயார் மீனை அரிந்தார். வயிறு நிறையச் சினை. இரண்டு பெரும் பாளங்கள், மஞ்சள் நிறம். விலங்கியல் தோழர் நகத்தளவு சினையை எடுத்து இலையிற் பரப்பி எண்ணத் தொடங்கினார். பின்பு எண்ணுதலை விட்டுவிட்டார். இலட்சக்கணக்கு என்பது மட்டும் தெரிந்தது. குஞ்சாய்க் கழியேறி, ஆணாய்ப் பல ஆண்டு வாழ்ந்து, வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பிப் பெண்ணாகி, முட்டையிட இறங்கிய வேளையில் எம் கையில் அகப்பட்டது அது. குழம்பு சுவையாகவே இருந்தது. உண்ணவில்லை என்று யாம் பொய்யுரையோம். ஆயினும் அன்றிரவு திண்ணையிற் பேச்சு எழவில்லை.

மறுநாள் காலையில், ஒன்றரை முழத்திற்கு மேற்பட்ட கொடுவாவை இனி நீரிலேயே விடுவது என்று நால்வரும் உறுதி செய்துகொண்டோம். இதனைப் பெரியவரிடம் சற்றுப் பெருமையோடே கூறினோம். வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பாராமலே, “விளையாட்டுக்குப் பிடிக்கிற நீங்கள் விடலாம், தம்பி. வயிற்றுக்குப் பிடிக்கிறவன் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் என்ன சொல்லுவான்?” என்றார். எம் தோழர் தலைகுனிந்தார். அவர் கல்லூரிச் சம்பளம் எத்தனை கொடுவாக்களால் வந்ததென்பது எமக்குத் தெரியாததன்று. சிறிது பொறுத்துப் பெரியவரே பேசினார். தூண்டிலால் கொடுவா குறையாது என்றார். முகத்துவாரம் தூர்ந்தாலே குறையும் என்றார். கோடையில் ஆற்று நீர் வாராதொழிய, கடலலை மணலைக் குவித்து ஏரியின் வாயை அடைத்துவிடும் ஆண்டுகள் உண்டு. அப்பொழுது தாய் வெளியே இறங்கவும் வழியில்லை, குஞ்சு உள்ளே ஏறவும் வழியில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைத் தொட்டியிலேயே இனம்பெருக்கச் செய்து வெற்றி கண்டனர். அது வளர்ப்பார்க்குப் பெருநன்மை. ஏரியை நம்பி வாழ்வார்க்கோ வாய் திறந்திருத்தலே வேண்டுவது.

எம் விதியை அவர்மேற் சுமத்த எமக்கு உரிமையில்லை என்பதையும், அதனால் எம் விதி பொய்யாகிவிடாது என்பதையும் உணர எமக்குச் சில நாள் சென்றது. பசியாற் பிடிப்பவன் அளவு வேறு. களிப்பாற் பிடிப்பவன் அளவு வேறு. விடுதியுணவு எத்துணைக் குறைபாடுடையதாயினும், யாம் பசியாற் பிடிப்போர் அல்லேம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் சென்றோம். முதல் நாட் பாடு விலங்கியல் தோழர்க்கு விழுந்தது. அவர் கையில் அகப்பட்டதும் பெரியதொன்றே. கட்டைவிரலைத் தாடையில் நுழைத்து, நீருக்குள்ளேயே பிடித்து, முழம் போட்டார். இரண்டு முழத்திற்குச் சற்றே குறைவு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முள்ளைக் கழற்றி, நீரோட்டத்திற்கு எதிரே தலையை வைத்துச் சிறிது நேரம் தாங்கினார். வால் ஒருமுறை அசைந்தது. பின் கையில் ஒன்றுமில்லை. அப்பால் வலையிழுத்துக் கொண்டிருந்த பெரியவர் இதனைப் பார்த்திருந்தார். படகை எம் பக்கம் செலுத்தி வந்து, ஒரு பிடி கிழங்கான் மீனை எம் இரைப்பாத்திரத்தில் இட்டு, “ராத்திரிக்கு இது போதும்” என்று சொல்லிப் போனார்.