மோட்டார் சைக்கிளே, நாக்கை நீட்டு!

பிளக்கின் நிறம் சொல்லும் செய்தி

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறோம். அவர் முதலில் என்ன சொல்வார்?

"எங்கே, நாக்கை நீட்டு" என்பார்.

நாக்கைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியைத்தான் நம்மிடம் கேட்பார்.

மோட்டார் சைக்கிளுக்கும் அப்படி ஒரு நாக்கு உண்டு. அதுதான் பிளக்.

விரல் நீளம்தான் இருக்கும். என்ஜினின் தலையில் திருகி வைத்திருப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஒன்று மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும். அந்தப் பீங்கானில் ஏறியிருக்கும் நிறத்தைப் பார்த்து, என்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடலாம். பார்க்கத் தவறினால் என்ன ஆகும்?

அதை எங்கள் மாமாவிடம் கேட்க வேண்டும்.

மாமாவின் ஆசை

மாமாவிடம் பழைய புல்லட் ஒன்று இருக்கிறது. 1955-ம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனியின் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. அதன் "டப், டப்" சத்தம் தெருமுனையில் கேட்டாலே, அத்தை அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். "கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுச் சின்னதாகப் போடுங்கள். மைலேஜ் தானாக ஏறும்" என்றார்.

மாமா அப்படியே செய்தார். நான்கு நாள் அவருக்கு ஒரே குஷி. பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சென்னையில் இருந்து புறப்பட்டார். பகல் 12 மணி வெயில். மதுராந்தகம் தாண்டியது. ரோடு காலியாக இருந்தது. மாமா கைப்பிடியை முழுவதும் முறுக்கினார்.

திடீர் என்று "கிறீச்" என்று ஒரு சத்தம்! பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போனது. மாமா கிளட்சை அழுத்தினார். வண்டி தடுமாறி, ரோட்டு ஓரத்து மண்ணில் சாய்ந்தது.

அத்தைக்கு முழங்காலில் ரத்தக் காயம். பட்டுப் புடவை கிழிந்துவிட்டது. அத்தோடு போயிற்று. அவர்கள் எழுந்து நின்ற சிறிது நேரத்தில், பின்னால் ஒரு லாரி வேகமாக வந்து அவர்களைத் தாண்டிப் போனது. அதை நினைத்தால் அத்தைக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

"இந்தப் பொட்டு என்ன தெரியுமா?"

வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி, மாமா வழக்கமாகப் போகும் பெரியவரிடம் கொண்டுவந்தார்கள். பெரியவர் அந்தக் காலத்து மெக்கானிக். அவர் என்ஜினைப் பிரிக்கவில்லை. முதலில் பிளக்கைத்தான் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து இருந்தது. அதன் மேல் ஊசிமுனை அளவில் பளபளப்பான சின்னச் சின்னப் பொட்டுகள்.

"இந்தப் பொட்டு என்ன தெரியுமா, சார்?"

"தெரியலையே."

"உங்க பிஸ்டன்தான்! உருகி இங்கே ஒட்டியிருக்கு."

மாமா பேச்சு மூச்சு இல்லாமல் நின்றார்.

"போன வாரமே கழற்றிப் பார்த்திருந்தா?"

"பத்து நிமிஷ வேலை, சார். பிஸ்டனும் பிழைச்சிருக்கும். அம்மா முழங்காலும் பிழைச்சிருக்கும்."

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சுத்தமான அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். உள்ளே எரியும் நெருப்போ அதைவிடப் பல மடங்கு சூடு. எண்ணெயும் காற்றும் சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பிஸ்டன் தப்பிக்கிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறுகிறது. பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. மாமாவுக்கு நடந்தது இதுதான்.

விளக்கும் என்ஜினும்

அரிக்கேன் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். திரியை அதிகமாக ஏற்றினால் என்ன ஆகும்? சிம்னி முழுவதும் கரி படியும். எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். என்ஜினிலும் அதே கதைதான்.

பெட்ரோல் தனியாக எரியாது. 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய, 14.7 கிலோ காற்று வேண்டும். கிலோக் கணக்கில் சொன்னால் மனதில் பதியாது. 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று! இந்தக் கலவையைச் சேர்த்துக் கொடுக்கும் சமையல்காரர்தான் கார்புரேட்டர்.

அந்தக் கலவைக்கு நெருப்பு வைப்பது பிளக். புல்லட் என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று ஓடினால், அந்த 1 நிமிடத்தில் 1,500 தடவை உள்ளே நெருப்பு எரிகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பீங்கான் மூக்கு நெருப்புக்குள் இருக்கிறது. சமையல் சரியா, தப்பா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

நிறம் என்ன சொல்கிறது?

பால் கலந்த காப்பி நிறம், அல்லது இளம் சாம்பல் நிறம். இது இருந்தால் கவலை இல்லை. என்ஜின் சுகமாக இருக்கிறது.

வறண்ட கருப்பு. விரலால் தொட்டால் விளக்குக் கரி மாதிரி ஒட்டும். பெட்ரோல் அதிகம் என்று பொருள். காசு புகையாகப் போகிறது. உடனே கார்புரேட்டரைத் திருகிவிடாதீர்கள். ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, சோக்கு பாதியில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு நோய் அங்கேதான் என்கிறார் பெரியவர்.

ஈரக் கருப்பு. எண்ணெய்ப் பிசுக்கு. இதற்கு கார்புரேட்டர் மேல் பழி போடக்கூடாது. என்ஜின் ஆயில் மேலே ஏறி எரிகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வால்வுப் பக்கம் கசியலாம்.

வெள்ளை. இதுதான் அபாய அறிவிப்பு! பெட்ரோல் போதவில்லை. அல்லது கார்புரேட்டரும் என்ஜினும் சேரும் இடத்தில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுகிறது. கருப்பு, பணத்தைத்தான் தின்னும். வெள்ளை, என்ஜினையே தின்றுவிடும்.

எப்படிப் பார்ப்பது?

கடைத்தெரு நெரிசலில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், நல்ல வண்டியின் பிளக்கும் கருப்பாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. பீங்கான் சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான், தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

ஆகையால் மெக்கானிக்குகள் வேறு விதமாகச் செய்கிறார்கள். புதுப் பிளக்கைப் போடுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், குறிப்பிட்ட அளவு கைப்பிடியைத் திருகி ஓட்டுவார்கள். பிறகு, கைப்பிடியைத் தளர்த்தாமலே, ஒரே நேரத்தில் கிளட்சை அழுத்தி என்ஜினையும் அணைத்துவிடுவார்கள். வண்டி உருண்டு வந்து நிற்கும். அந்த வேகத்தில் இருந்த நிறம் அப்படியே பிளக்கில் நின்றுவிடும். புகைப்படம் எடுத்த மாதிரி!

இது பழகியவர்கள் செய்யும் வேலை. பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு செய்யக்கூடாது. சுடச்சுடப் பிளக்கைக் கழற்றவும் கூடாது. கை வெந்துவிடும். அலுமினியத்தில் உள்ள மரையும் பிய்ந்துவிடும். ஆறும்வரை காத்திருங்கள். நிறம் எங்கும் ஓடிப்போகாது.

கைப்பிடியை முழுவதும் திருகி எடுத்த நிறம் சரியில்லை என்றால், மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். பாதித் திருகலில் என்றால், கார்புரேட்டருக்குள் தொங்கும் ஊசியைக் கவனிக்க வேண்டும். ஊசியின் தலையில் சில காடிகள் இருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது கோளாறு என்றால், பக்கத்தில் உள்ள சின்ன ஸ்குரூ. மாமாவின் புல்லட்டில் அதை உள்ளே திருகினால் காற்று குறையும். வேறு சில கார்புரேட்டர்களில் இதற்கு நேர்மாறு! தெரியாமல் திருகாதீர்கள்.

பிளக் வாங்கும்போதும் ஏமாறக்கூடாது. சூட்டை வேகமாக விடும் பிளக் உண்டு. மெதுவாக விடும் பிளக்கும் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் பெரிதானால் சூட்டை வேகமாக விடும். போஷ் பிளக்கில் எண் பெரிதானால் மெதுவாக விடும். வேடிக்கைதான்! வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குவது நல்லது.

பெட்ரோல் மாறிவிட்டது

பெரியவருக்கு ஒரு வருத்தம். "அந்தக் காலத்துக் காப்பி நிறம் இப்போ வர்றதில்லே, சார்" என்கிறார்.

உண்மைதான். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ம் ஆண்டு இந்தியா முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. நிறம் வெளிறிவிட்டது. இன்று பெரியவர் பீங்கானின் மூக்கை மட்டும் பார்ப்பதில்லை. பூதக்கண்ணாடி வைத்து, பீங்கானின் அடியில் இருக்கும் மெல்லிய கரி வளையத்தைத் தேடுகிறார்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டுக்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாடு எங்கும் வந்துவிட்டது. எத்தனாலுக்கு உள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் பழைய கார்புரேட்டரில் அதே ஜெட் இருந்தாலும், பெட்ரோல் குறைந்த மாதிரி ஆகிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதிய புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு, புது வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலைச் சின்னக் கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிறது. ஆனால், பால்காரர் வண்டியும் காய்கறிக்காரர் வண்டியும் ஒரே நாளில் மாறிவிடுமா? பெரியவர் கடையில் இன்னும் கூட்டம் குறையவில்லை.

மாமா புதுப்பேட்டையில் பிஸ்டன் வாங்கி வந்தார். பழைய ஜெட்டையே திரும்பப் போட்டார். மைலேஜைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பழைய பேப்பரை விரித்துப் பிளக்கைக் கழற்றுகிறார்.

அத்தை வாசற்படியில் நின்று கேட்கிறார்.

"என்னங்க, என்ன நிறம்?"

"காப்பி!"

"அப்படின்னா வர்றேன். கோயிலுக்குப் போயிட்டு வந்திடலாம்."