ஒரே மருந்து, ஆளுக்கொரு பலன் ஏன்?

குடல் புற்றுநோய் முற்றியவர்களுக்கு அடிப்படை மருந்து 5-ஃப்ளூரோயூராசில், 1957இல் அறிமுகமானது. சிலருக்குக் கட்டி சுருங்கும்; சிலருக்கு அசையாது; சிலருக்கோ வாயெல்லாம் புண், ஓயாத வயிற்றுப்போக்கு. ஏன்?

டி.என்.ஏ. உருவாக உதவும் தைமிடிலேட் சிந்தேஸ் நொதியை இம்மருந்து முடக்குகிறது. கட்டியில் அந்த நொதி மிகுந்திருந்தால் மருந்து எடுபடாமல் போகலாம். கல்லீரலின் டி.பி.டி. நொதியோ மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் சிதைத்துவிடும். அது குறைந்தவர்களுக்கு வழக்கமான டோஸே நஞ்சு.

எப்படி அறிவது? ரத்தத்தில் டி.பி.டி.க்கான மரபணுவை அல்லது யுராசில் அளவைப் பார்க்கலாம். சிகிச்சைக்கு முன்பே இதைச் செய்ய 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. குறை தெரிந்தால் டாக்டர் டோஸைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். சிந்தேஸ் சோதனையில் ஆய்வு முடிவுகள் முரண்படுவதால், அது இன்னும் அன்றாட நடைமுறைக்கு வரவில்லை.