ஆண்டுக்கு ஓர் ஆசனம்



புத்தாண்டு பிறந்ததும் நாம் பல தீர்மானங்கள் எடுக்கிறோம். தைப்பூசம் வருவதற்குள் பாதி மறந்துபோகும். இவ்வாண்டு ஒன்றே ஒன்று போதும் என்பேன்: நமக்கு எளிதில் வராத ஓர் ஆசனத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் பழகுவோம்.

“கொழுந்து பறித்து, மூட்டை தூக்கி, மேடு ஏறி இறங்கும் எங்களுக்கு ஆசனம் எதற்கு?” என்று கேட்பீர்கள். வேலை உடம்பை ஒரே வகையில் திரும்பத் திரும்ப அசைக்கிறது. சில தசைகள் வலுப்பெறும். வேறு சில இறுகிவிடும். அந்த இறுக்கத்தை மெல்லத் தளர்த்துவதே ஆசனம்.

அது தோட்டத்துக்கு அந்நியமுமன்று. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-இல் பத்தமடையில் பிறந்தவர். துறவு பூணுமுன், 1913-இல் மலாயா வந்து, சிரம்பான் பக்கத்து இரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னாளில் ஆசனங்களை எளிய நடையில் எழுதிப் பரப்பினார்.

“என் உடம்பு வளையாதே” என்போர் பி.கே.எஸ். அய்யங்காரை நினைக்கலாம். 1918-இல் கர்நாடகத்தில் பிறந்த அவர், சிறுவயதில் காசநோயாலும் மலேரியாவாலும் நலிந்தவர். மைசூரில் மைத்துனர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயிலத் தொடங்கியபோது அவர் உடல் விறைத்துக் கிடந்தது. விடாப்பயிற்சியே அவரை உலகறிந்த ஆசிரியராக்கியது.

நான் தேர்ந்தெடுத்தது பச்சிமோத்தாசனம். மடித்த கம்பளிமேல் அமர்ந்து கால்களை நீட்டுங்கள். மூச்சை இழுத்து முதுகை நிமிர்த்துங்கள். மூச்சை விட்டபடி இடுப்பிலிருந்து குனியுங்கள். முதுகைக் கூனாக்க வேண்டாம். கை எட்டாவிட்டால் பாதங்களில் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். ஐந்து மூச்சு வரை இருந்து மெல்ல எழுங்கள்.

நம் கியா பார்ம் குளிரில் காலையில் தசைகள் விறைத்திருக்கும். ஆகவே வேலை முடிந்து, இரவு உணவுக்கு முன் பழகுவது நல்லது. தொடையின் பின்புறம் இழுப்பது இயல்பு. சுருக்கென்று வலித்தால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும், முதுகெலும்புத் தட்டு விலகியவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும் இதைச் செய்யலாகாது. மற்ற நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

அவசரம் ஆகாது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சென்ற ஆண்டு இரண்டாம் மாதமே கால்விரலை எட்டிவிட எண்ணி, உடம்பை வலிந்து இழுத்தேன். தொடைத் தசை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் பள்ளி மேட்டில் நொண்டி ஏறினேன். பிறகு மாதத்துக்கு ஒரு விரற்கடை முன்னேறினால் போதும் என்று முடிவுசெய்தேன். ஜனவரியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற கை, டிசம்பரில் கணுக்காலைத் தொட்டது.

தாய்மார்களே, பகலெல்லாம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் உழைக்கும் உங்கள் உடம்புக்கென்று நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரம் பிள்ளைகள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குக் கால்விரல் இன்னும் எட்டவில்லை. இவ்வாண்டும் அதே ஆசனந்தான்.