பம்பைமடுவா, பேராதனையா?

மன்னாரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் நானாட்டான், அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், வில்பத்துக் காட்டின் வடவெல்லையை அண்மித்து, கடலும் குளமும் வயலும் ஒருங்கே வாய்த்த முள்ளிக்குளம் கிடக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூரதேசத்து வணிகர்களின் கண்களெல்லாம் மொய்த்த கரை இது. அப்பழம்பெருமையை விரித்துரைக்க இங்கு நாம் புகவில்லை. சொல்ல வந்தது ஒரு விண்ணப்பத்தைப் பற்றி.

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு மாணவர் அனுப்பும் விண்ணப்பத்தைத்தான் குறிப்பிடுகிறோம். எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப வரிசை ஒன்றை அதில் நிரப்ப வேண்டும். நாடு முழுவதிலும் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே இடம் கிடைக்கும் நிலையில், அந்த வரிசை விளையாட்டுக் காரியமன்று. ‘சேர், முதலாவதாய் எதைப் போடுறது?’ என்ற கேள்வியை வட பகுதியில் உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கேட்டிருப்பார். பிள்ளையின் மனத்தில் இருப்பது பேராதனை. அல்லது கொழும்பு, மொறட்டுவை. தந்தையின் மனத்தில் இருப்பது வவுனியா. இருவருமே தம் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிள்ளையைக் குறை கூற முடியாது. 1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பை விட்டுப் பேராதனைக்குப் பெயர்ந்த நாள் தொட்டு, மகாவலியின் கரையும் அந்தானை மலைச் சாரலும் தமிழ் மாணவர்களின் கனவில் இடம்பிடித்துவிட்டன. ‘சர்வகலாசாலை’ என்று நம் முன்னோர் சொல்லும்போது அச்சொல்லில் ஒலித்த கம்பீரம் அந்த இடத்துக்கே உரியது. பேராசிரியர் கைலாசபதியும் பேராசிரியர் சிவத்தம்பியும் மாணவராய் இருந்த கழகம் அது என்று அறிந்த இலக்கிய ஆர்வமுள்ள பிள்ளை ஒன்று அங்கே போக ஆசைப்படாவிட்டால்தான் வியப்பு.

தந்தை கணக்குப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் போதனைக் கட்டணம் என்னும் பெருஞ்சுவரை இடித்துவிட்டது. பேராதனைக்கும் கட்டணமில்லை, வவுனியாவுக்கும் கட்டணமில்லை. எனவே ‘மலிவான கல்லூரி, விலைகூடிய கல்லூரி’ என்ற பேச்சுக்கே நம் நாட்டில் இடமில்லை என்று சிலர் வாதிடுவர். சோறும் வாடகையும் பஸ் செலவும் அறியாதவர்களின் வாதம் அது. எல்லா ஆண்டும் விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கிடைக்காத ஆண்டில் வெளியே அறை எடுக்க வேண்டும். மகாபொல உதவித்தொகை உண்டு. எனினும் அது மாதச் செலவு முழுவதற்கும் போதாது என்பதை அதைப் பெற்ற எவரும் சொல்வர். மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் மாதந் தவறாமல் வீட்டிலிருந்து பணம் போக வேண்டும். ஆக, இங்கே விலையாய் நிற்பது தூரமே.

அந்தத் தூரத்தை நம்மவர்கள் பண்டு எவ்வாறு வென்றார்கள்? யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் கதையைக் கிளறிப் பார்த்தால் விடை ஒரே சொல்லில் அடங்கும்: காணி. பனங்காணியை ஒற்றி வைத்தோ, வயலை ஈடு வைத்தோ மகனைச் சென்னைக்கும் இலண்டனுக்கும் அனுப்பினார்கள். படித்து வந்த மகனுக்குக் கிடைத்த சீதனத்தில் காணியை மீட்டார்கள். (மீட்ட காணிக்கு மதிப்பு இருந்தது, சீதனம் கொடுத்த வீட்டின் கண்ணீருக்கு யாரும் மதிப்புப் போடவில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.) கனவுக்குப் பிணையாக நின்றது நிலம். மகன் தேறாமற் போனாலும், வட்டி ஏறினாலும், நிலம் ஒன்று இருக்கிறது என்ற துணிவில்தான் அந்தத் தந்தையர் கப்பல் துறை வரை வந்து வழியனுப்பினார்கள்.

முள்ளிக்குளத்தின் நிலை இவ்விடத்திலேதான் வேறுபடுகிறது. 2007 செப்டெம்பரில் போர்ச் சூழலில் அவ்வூர் மக்கள் முழுவதாக வெளியேற்றப்பட்டனர். பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2012இல் திரும்பி வந்தவர்கள் ஊருக்குள் குடியேற இயலாமல் அயலிலுள்ள மலங்காட்டிலே கொட்டில் போட்டார்கள். பின்னர் 2017 மார்ச் 23ஆந் திகதி தொடங்கி, தம் ஊரின் வாயிலருகே வெயிலில் இருந்து 38 நாட்கள் போராடினார்கள். ஏப்ரில் 29ஆந் திகதி, 100 ஏக்கரை விடுவிப்பதாக அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. அதன் பின்னரும் ஊர் முழுவதாக ஊராரிடம் மீளவில்லை; வாக்குறுதிகளின் பின்னே அவர்கள் அலைந்த ஆண்டுகள் பல.

காணி உறுதி பெட்டியில் இருக்கிறது, காணி கையில் இல்லை. இதனைப் பொருளாதாரச் சொற்களில் எடுத்துரைக்கப் புலமை வேண்டியதில்லை. கால் வைக்க முடியாத வயலை ஈடாகப் பிடிப்பவர் யார்? கரைவலைப் பாடும் நெற்காணியும் சேர்ந்து தாங்கிய குடும்பம் அன்றன்றைய கூலியில் தாங்க வேண்டியதாயிற்று. அத்தகைய வீட்டின் பிள்ளை விருப்ப வரிசையை நிரப்பும்போது, கையைப் பிடித்து எழுதுவிப்பது அந்த இழப்பேயன்றோ? ‘அவர்கள் அருகிலுள்ளதையே விரும்புகிறார்கள்’ என்று புள்ளிவிவரம் எழுதுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். நிர்ப்பந்தத்தை விருப்பம் என்று பதிவுசெய்வது பிழை.

இனி வவுனியாவைப் பற்றி. அருகில் இருப்பதால் அது தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாய் நிமிர்ந்தது அது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கல்வி, தொழினுட்பக் கல்வி என்ற பீடங்களோடு அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார் வீதியிலுள்ள பம்பைமடுவில் அதன் வளாகம் இருப்பதால், வன்னியின் வறிய வீடுகளுக்கு அது செய்யும் உபகாரம் பெரிது. கணினி விஞ்ஞானமோ வணிகமோ கற்க விரும்பும் முசலிப் பிள்ளை, அதே பாடத்துக்காகத் தென்னிலங்கைக்குப் போய் அறை வாடகையில் அல்லலுறுவது தேவைதானா என்று கேட்டால், தேவையில்லை என்றே நாம் சொல்லுவோம்.

ஆனால் தமிழோ வரலாறோ கற்க விரும்பும் பிள்ளைக்கு அங்கே பீடமில்லை. அது யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ மட்டக்களப்புக்கோ போயாக வேண்டும். மருத்துவத்துக்கு யாழ்ப்பாணம், பொறியியலுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகர் என்று வட மாகாணத்துக்குள்ளேயே வழிகள் உள. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட நூற்றுக்கு 5 இடங்களில் மன்னாருக்கும் பங்குண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த ஊர்?’ என்பதன்று, ‘எந்தப் பாடம்?’ என்பதாகும். செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, இலக்கியத்தில் நாட்டமுள்ள பிள்ளையைக் கணக்கியலில் அமர்த்துவது சிக்கனமாகாது. நான்கு ஆண்டுகளையும் ஓர் ஆர்வத்தையும் இழந்தபின் மிஞ்சும் பணம் எவ்வளவு?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே ஏளனம் இருந்ததை மூத்தோர் அறிவர். தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கம் எழுந்தபோது, அது திருகோணமலையில் அமைவதா, யாழ்ப்பாணத்தில் அமைவதா என்றே நெடுங்காலம் வாதிட்டோம். இறுதியில் 1974 அக்டோபரில், இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களிலே, ஒரு வளாகமாக அது தொடங்கியது. ‘பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை மாற்றிவிட்டார்கள்’ என்ற கேலிக்கு இடந்தந்த தொடக்கமே அது. எனினும் அதன் முதல் தலைவர் கைலாசபதி. பேராதனையிற் பட்டம் பெற்று, ‘தினகரன்’ ஆசிரியராயிருந்து, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அந்தப் பழைய கல்லூரிக் கட்டடத்துக்குத் தலைமை தாங்க வந்தார். நல்ல ஆசிரியர் வந்து அமர்ந்த இடம் பல்கலைக்கழகமாயிற்று.

அவருடைய வழியின் வரிசையையும் கவனிக்க வேண்டும். முதற் பட்டம் நாட்டிலே; கடல் கடந்தது அதன் பின்னரே. சிவத்தம்பியின் வழியும் அத்தகையதே. அவரும் அதே பர்மிங்காமில், அதே ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தார். அவர்களுக்கு முன்னே விபுலாநந்த அடிகளோ 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையில் இருந்தவாறே வெளிவாரியாகப் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் இலண்டனுக்குப் போகவில்லை என்பதால் யாழ் நூலில் ஒரு நரம்பேனும் தளர்ந்து ஒலிக்கவில்லை.

இக்காலத்தில் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் விளம்பரங்கள் தெருவெல்லாம் தொங்குகின்றன. பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் வெளிநாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 10,000 பவுணைத் தாண்டுவது வழக்கம். 2022 மார்ச்சில் டாலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நம் நாணயம் மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்தபோது, வெளிநாட்டில் அரைவழியில் நின்ற மாணவர்களின் பெற்றோர் பட்ட பாடு சொல்லுந் தரமன்று. கணக்குச் சரியாகவே போட்டிருந்தார்கள். கணக்குப் போட்ட நாணயம் நிலைக்கவில்லை. புலம்பெயர்ந்த மாமனோ சித்தப்பனோ தாங்கும் வீட்டுக்கு இது ஒருவாறு ஒத்துவரலாம். மலங்காட்டு வீட்டுக்கு இது வழியன்று. அதைச் சொல்லத் தயங்கும் ஆசிரியர் அன்புள்ளவராக இருக்கலாம், உண்மையுள்ளவரல்லர்.

பேராதனை அவ்வாறானதன்று. அங்கே ஒரு பிள்ளை போய்ச் சேர வேண்டியிருப்பது மாதந்தோறும் ஓர் அளவான தொகையால். ஒரு பங்கு, ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஓர் ஊர்ச் சங்கம் மனம்வைத்தால் தாங்கக்கூடிய தொகை அது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்கத் தண்டும் ஊர், ஒரு பிள்ளையின் அறை வாடகைக்குத் தண்டக் கூச்சப்படுவது ஏனென்று விளங்கவில்லை. நிலம் பிணையாய் நிற்க முடியாத இடத்தில் ஊரே பிணையாய் நிற்க வேண்டும். வேறு எதுவும் அங்கே மிச்சமில்லை.

இவ்வாறு எழுதுவது எளிது. விண்ணப்பம் முடியும் நாளின் மாலையில், ‘பிள்ளை, நீ எழுதினதை எழுது, நான் பாத்துக்கொள்ளுறன்’ என்று ஒரு தந்தை சொல்வதும், அவர் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அறிந்த மகள் பேனாவை வைத்துக்கொண்டு இருப்பதும் எளிதன்று.

முருங்கனில் ஏறினால், வவுனியா செல்லும் மன்னார் பஸ் பம்பைமடு வாசலிலே நிற்கும். பேராதனைக்குப் போகிறவர்களும் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அவர்கள் அங்கே இறங்காமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வவுனியா நகர் வரை செல்கிறார்கள்.