எலிகள் குடியிருந்த கல் வீடு

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை அது. அங்கே பழைய கல் சுவர் ஏதாவது இருந்தால், சித்திரை மாத வெயிலில் கையை வைத்துப் பாருங்கள். வெளிப்புறம் சுடும், உட்புறம் ஜில்லென்று இருக்கும். சுவரின் கனம், வெயிலைப் பொழுது சாயும் வரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடுகிறது. இதே கனமான சுவரை நேர் எதிரான காரியத்துக்கு, அதாவது அடுப்பின் சூடு வெளியே ஓடிவிடாமல் காப்பதற்கு, எழுப்பியிருக்கும் ஒரு வீட்டுக்கு இப்போது உங்களை அழைத்துப் போகிறேன். கொஞ்ச தூரம்தான், இங்கிலாந்து!

அந்நாட்டின் வடமேற்கே ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதியில் நியர் சாரே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே உள்ள ஹில் டாப் பண்ணை வீடு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1905-ல் அதை விலைக்கு வாங்கியவர், உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்த பீட்டர் முயலின் கதையை எழுதிப் படமும் வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

அப்போது அவருக்கு வயது 39. கல்யாணமாகவில்லை. லண்டனில் பெற்றோரின் அதிகாரத்துக்கு அடங்கியே காலம் தள்ளி வந்தார். அந்த வருஷம் ஜூலையில், அவருடைய புத்தகங்களை வெளியிட்ட குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் அவரை மணக்க விரும்பினார். வியாபாரக் குடும்பத்தில் சம்பந்தமா என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். அம்மையாரோ சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25-ந் தேதி, நார்மன் நோயில் மாண்டுபோனார். அந்தத் துக்கத்தோடுதான், கதை எழுதிச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு, பாட்டர் இந்தப் பண்ணையை வாங்கி முடித்தார்.

வீட்டைப் பார்ப்போம், வாருங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் ஒற்றைச் சுவர் அல்ல. உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சில்லுக் கற்களைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். இரண்டு முகங்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, இடையிடையே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைத்துப் பிணைப்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பாட்டி இருந்து இருதரப்பையும் சேர்த்துப் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி! வெளியே சரளை கலந்த சுண்ணாம்புக் காரைப் பூச்சு. சுண்ணாம்பு, சுவரில் இறங்கிய ஈரத்தை மெள்ள வெளியே விட்டுவிடும். பழைய கல் சுவரின் மேல் சிமிண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப் போகும். நம் ஊரில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கூரைக்கு ஓடு கிடையாது. பள்ளிக் குழந்தைகள் எழுதும் சிலேட்டு இருக்கிறதே, அதே ஜாதிக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து வேய்ந்திருக்கிறார்கள். வாசல் முகப்பும் அப்படித்தான். பெரிய கற்பலகைகளைப் பக்கத்துக்கொன்றாக நிறுத்தி, மேலே இரண்டைச் சாய்த்து வைத்துவிட்டார்கள். சீட்டுக்கட்டு வீடு போல் எளிய வேலை; மழைக்கு ஒதுங்கப் போதும். உள்ளே நுழைந்ததும் அடுப்பு எரியும் கூடம். சமையல், சாப்பாடு, குளிர்காய்தல், ஊர்வம்பு எல்லாம் அங்கேதான்.

அந்நாட்டுப் பழைய பண்ணை வீடுகளில் ஜன்னல்கள் சின்னதாக இருந்தால் குளிர் மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். 1696 முதல் 1851 வரை அங்கே ஜன்னலுக்கு வரி போட்டார்கள்! பால் வைக்கும் அறைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்காகவே ஜன்னலின் மேல் ‘பால் அறை’ என்று எழுதி வைத்தார்களாம். வரி வசூலிப்பவரை ஏமாற்றும் கலை எந்தத் தேசத்துக்கும் பொதுதான்!

பாட்டர் வாங்கியபோது வீட்டில் ஏகப்பட்ட எலிகள். கனத்த சுவர்களும் மச்சுகளும் அவற்றுக்கு ராஜபாட்டை. அம்மையார் எலிகளை விரட்டவும் பார்த்தார். அவற்றை வைத்தே கதையும் எழுதினார். பூனைக் குட்டியைப் பிடித்து மாவில் சுருட்டிப் பணியாரம் செய்யப் பார்க்கும் இரண்டு எலிகளின் கதை 1908-ல் வெளிவந்தது. அதில் வருவது இதே வீடுதான்.

பண்ணையைக் கவனித்து வந்த குத்தகைக்காரரை அவர் வெளியேற்றவில்லை. அந்தக் குடும்பத்துக்காக 1906-ல் பக்கத்திலேயே புதுக் கட்டு ஒன்று கட்டிக் கொடுத்தார். தம் பெயரின் முதலெழுத்துக்களையும் அந்த வருஷத்தையும் அதன் சுவரில் பதித்தார். பழைய பகுதியைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். வசதியான புதிய பாகம் குடித்தனக்காரருக்கு, எலி ஓடும் பழைய பாகம் எஜமானிக்கு! இப்படிப் பங்கிட்ட வீட்டுக்காரர்களை நம் பட்டணங்களில் தேடிப் பாருங்கள்.

1913-ல் வில்லியம் ஹீலிஸ் என்ற வக்கீலை மணந்து, அதே ஊரில் வேறு வீட்டில் குடியேறினார். ஹில் டாப்பை மட்டும் யாருக்கும் விடவில்லை. பழைய மரச் சாமான்களைச் சேர்த்து வைக்கவும், தனியாக உட்கார்ந்து எழுதவும் அங்கே போய் வந்தார். 1943 டிசம்பரில் காலமானபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் பழம்பொருள் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார். 1946 முதல் வீட்டைப் பொதுமக்கள் பார்க்கலாம். அறைகள் சிறியவை என்பதால் நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கையில் அந்தக் கதைப் புத்தகத்தோடு வரும் குழந்தைகள், படத்திலுள்ள மாடிப்படியும் கதவும் எங்கே என்று தேடிக்கொண்டே சுற்றுகிறார்கள்.