முதல் சொல் தப்பாதிருக்க

அமெரிக்காவின் சிறு பட்டணமொன்றில், ஊர் அடங்கிய நள்ளிரவில், ஒரு வீட்டு மேஜைமேல் கையடக்கமான ரேடியோ ஒன்று, தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ், விமான நிலையம், ரயில்வே என்று ஒவ்வொருவருக்கும் உரிய அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சுற்றி வருகிறது. எங்கே பேச்சு எழுகிறதோ அங்கே நிற்கிறது. அது ஓய்ந்ததும் மறுபடி சுற்றக் கிளம்புகிறது. ஸ்கேனர் என்று வழங்கும் இந்த யந்திரத்துக்குச் செவி உண்டே தவிர ஞாபகம் கிடையாது. வீட்டுக்காரர் கண்ணயர்ந்த வேளையில் எங்கோ தீப்பிடித்து, வண்டிகள் விரைந்து, அணைத்து முடிக்கும்வரை நிகழ்ந்த சம்பாஷணை அத்தனையும் காற்றோடு போய்விடும். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் மென்பொருள் எழுதுகிறவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பமாகிறது.

டெலிபோனில் போல 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள சப்தம் கிடைத்தால் மனிதர் பேச்சு விளங்கிவிடும். அதற்காக வினாடிக்கு 8,000 தடவை சப்தத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் இரண்டு பைட்டாக எழுதினால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 138 கோடி பைட் சேரும். இன்றைய கம்ப்யூட்டருக்கு இது ஒரு சுமையே அன்று. ஆனால் ஒரு நாள் முழுதும் பதிந்ததைக் கேட்டு முடிக்க இன்னொரு நாள் வேண்டுமே! அதனால்தான் நிசப்தத்தை விலக்கிப் பேச்சை மாத்திரம் பொறுக்கி எடுக்கும் சாதுரியம் நிரலுக்கு அவசியமாகிறது.

சப்தத்தின் வலிமை ஒரு வரம்பைத் தாண்டினால் பதியத் தொடங்கு, தாழ்ந்தால் நிறுத்து என்று கட்டளையிடுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அதன் குறை மறுநாள் காலையில் தெரிந்துவிடும். வரம்பைத் தாண்டியது என்று நிரல் உணர்ந்து விழித்துக்கொள்வதற்குள் முதல் அசை ஓடிப்போயிருக்கும். ரேடியோவில் பேசுவோரோ, யாரை அழைக்கிறோம், அழைப்பவர் யார் என்பதையே முதலில் சொல்லும் மரபினர். ஆகையால் எந்தச் சொல் இல்லாவிட்டால் மற்றவை பொருளிழக்குமோ அந்தச் சொல்லே போய்விடுகிறது. இதற்குப் பரிகாரமாக, நிரல் எப்போதுமே கேட்டதையெல்லாம் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளை சிலேட்டின் அடிவரை எழுதி, இடமில்லாதபோது மேல் வரியை அழித்து அங்கே எழுதுவதுபோல, கடைசி இரண்டு வினாடிகள் மட்டும் அதில் நிலைத்திருக்கும். பேச்சு எழுந்த க்ஷணத்தில் அந்தச் சிலேட்டில் இருப்பதை முன்னே சேர்த்துப் பதிந்தால் முதல் சொல் தப்பாது. முடிவிலும் அவசரம் ஆகாது: பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியை முடிவென்று எண்ணி ஒரே வாக்கியத்தை நாலு துண்டாக நறுக்காதபடி, தொடங்கும் வரம்பை உயரத்திலும் நிறுத்தும் வரம்பைச் சற்றுத் தாழவும் வைத்து, மேலும் ஓரிரு வினாடி காத்திருக்கச் செய்வதே உசிதம்.

ஆயினும் ஸ்கேனர் வேறோர் அலைவரிசையில் நின்றிருந்த சமயத்தில் பேசப்பட்டதை எந்த நிரலாலும் மீட்க முடியாது. டெலிவிஷன் பார்ப்பதற்காக மலிவாகச் செய்யப்பட்ட யு.எஸ்.பி. கருவியொன்று, தான் வாங்கும் ரேடியோ அலையை அப்படியே எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வல்லது என்பது 2012-ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தபோது, இந்தக் குறைக்கும் ஒரு வழி பிறந்தது. இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலமான பட்டையை அது ஒரே சமயத்தில் அள்ளிக் கொடுப்பதால், அதற்குள் அடங்கிய பல அலைவரிசைகளையும் ஒருசேரப் பதிந்துகொள்ளலாம்.

காலத்தைக் குறிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைக்கிறார்கள். உள்ளூர் நேரத்தையே பதிவின் பெயராக வைக்கும் நிரலுக்கு அன்று ஒன்றரை மணி இரண்டு முறை வரும். பின்னது முன்னதை அழித்துவிடவும் கூடும். உலகப் பொது நேரத்தில் எழுதிவைப்பதே பிழையற்ற முறை.

பதிந்ததைச் சுத்தம் செய்யும் விஷயத்தில்தான் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். காத்திருக்கும்படி கோபுரத்தார் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானத்தார் சொன்னதும், ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் கலந்துவிட்டதால், புறப்படத் தொடங்கியிருந்த கே.எல்.எம். விமானத்தில் அவை சில வினாடி நேரக் கீச்சொலியாகவே கேட்டன. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கீச்சொலி வெறும் இரைச்சல் அன்று, இருவர் ஒருங்கே பேசினார்கள் என்பதற்கான சாட்சியம். இரைச்சல் நீக்கும் நிரலோ அத்தகைய ஒலியைத்தான் முதலில் துடைத்தெறியும். எனவே மூலப் பதிவின்மேல் எந்த நிரலும் கை வைக்கலாகாது. வடிகட்டுவதையும் சுருக்குவதையும் பிரதியில் செய்துகொள்ளட்டும்.

பேச்சை எழுத்தாக்கும் நிரல்களுக்கும் இது பொருந்தும். 2022-இல் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் வியக்கத்தக்க திறமையுடையது. ஆயினும் வெறும் நிசப்தத்தைக் கொடுத்தால், எவரும் பேசாத வாக்கியங்களைக்கூடச் சில சமயம் எழுதிவிடுகிறது. அதன் எழுத்தை, எந்தப் பதிவைக் கேட்கலாம் என்று காட்டும் அட்டவணையாகக் கொள்ளலாமே தவிரச் சாட்சியமாகக் கொள்ளலாகாது.

அமெரிக்காவில், சங்கேதமாக்கப்படாத போலீஸ், தீயணைப்புப் பேச்சுக்களைக் கேட்பதை 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டு நிலை வேறு. உரிமமின்றி ரேடியோக் கருவி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. வீட்டு ரேடியோவுக்கே தபாலாபீஸில் பணம் கட்டி வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தக் கலையில் ஆசை கொண்ட நம் இளைஞர்கள் அமெச்சூர் ரேடியோப் பரீட்சை எழுதி உரிமம் பெற்று, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் தங்கள் நிரலைப் பழக்கட்டும். அங்கே பேசுகிற இந்தியர் ஒவ்வொருவரும் வி.யு. என்று தொடங்கும் தம் அழைப்புக் குறியைச் சொல்லியே பேசுவார். அந்த இரண்டு எழுத்தும் பதிவில் முழுமையாக விழுந்திருக்கின்றனவா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.